காற்று புகாத வீடு

அவளுக்கு எறும்பு என்று பேர் வைத்தது மேஸ்திரிதான். எறும்பு நுழைகிற ஓட்டைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் வந்த பேர். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடுக்கு, தரையோரம் ஒரு வெடிப்பு, குழாய் உள்ளே வருகிற இடத்தில் ஒரு சந்து, எங்கே குளிர்காற்று வருகிறதோ அங்கே புறங்கையைக் கொண்டுபோய் வைத்து, "இதோ ஒளிஞ்சிருக்கான் பாரு திருடன்" என்பாள். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு நுரைக் குழல். ஒரே அழுத்து. மஞ்சள் நுரை புசுபுசுவென்று உப்பி, இறுகி, சந்தை மூடிவிடும். அப்புறம் காற்றாவது மண்ணாவது!

கேஸையும் கரண்ட்டையும் மிச்சம் பிடிக்க அரசாங்கம் கொண்டுவந்த திட்டம் அது. பழைய வீடுகளின் சந்துகளை அடைத்து, கூரைக்கு அடியில் பஞ்சு பரப்பி, குளிர்காலத்தில் வீட்டுச் சூடு வெளியே ஓடாமல் பிடித்துவைக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்குச் செலவு குறையும், வேலை இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, கிடைக்கத்தான் செய்தது. தையல் ஃபேக்டரியை மூடியபோது நடுத்தெருவில் நின்றவர்களில் எறும்பும் ஒருத்தி, அவள் அக்காவும் ஒருத்தி. பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியை அக்காதான் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாள்.

"எனக்கு ஏணில ஏறினாலே தலை சுத்தும். நீ போடி. சின்ன வயசுல மரம் மரமா ஏறினியே, அது எப்பத்தான் உதவப் போவுது?"

"சுவத்துல ஓட்டை அடைக்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

"சொன்னா கேளு. என்னிக்குத்தான் நான் சொன்னதக் கேட்டிருக்க நீ?"

அம்மா அப்பா போனபிறகு எறும்பை வளர்த்தது அக்கா. தங்கைக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று இருந்தவள், அப்படியே இருந்துவிட்டாள். ஃபேக்டரி போனபின் ஒரு பழைய தையல் மிஷினை வீட்டு அடுக்களையில் போட்டுக்கொண்டு கடைகளுக்கு உருப்படி தைத்துக் கொடுத்தாள். தங்கை பயிற்சிக்குப் போன நாளெல்லாம் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். வேலை நிலைத்ததும் எறும்பு வேலைக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டாள். பிறகு, நுரைக் குழலோடு எறும்பு சிரிக்கிற படத்தைப் பெரிதாக்கி, 'வீடு சூடாகும், வேலை உருவாகும்' என்று எழுதி பஸ் ஸ்டாப்பில் மாட்டினார்கள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பஸ் வந்தாலும் ஏறாமல் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம், "இது யாருன்னு நெனச்சீங்க, என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போவாள்.

வேலையில் எறும்புக்கு ஒரே ஒரு குறை, ஃபேன்காரர். ஒவ்வொரு வீட்டு வேலையும் முடிந்ததும் அவர் வந்து வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தை ஒரு துணித்திரையால் மூடி, அதில் பெரிய ஃபேனைப் பொருத்தி, உள்ளே இருக்கிற காற்றை வெளியே இழுப்பார். இன்னும் எவ்வளவு காற்று கசிகிறது என்று அவருடைய மீட்டர் சொல்லும். எண் குறையக் குறைய வேலை சுத்தம் என்று அர்த்தம். எறும்பின் எண்ணை யாராலும் தொட முடியாது. ஆனால் மனுஷன் வாயைத் திறந்து பாராட்ட மாட்டார். "ம், பரவால்ல" என்பார். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஃபேனைக் கழற்றியபின் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கமும் ஹீட்டர் பக்கமும் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார். அதற்குள் எறும்பு கையைக் கழுவிவிட்டு வேனில் உட்கார்ந்து டீ குடிக்கத் தொடங்கியிருப்பாள். அது என்ன வேலை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் கேட்டாள். ஃபேன்காரருக்கான பாடம் என்று கேட்டாள், அவ்வளவுதான்.

குளிர்காலம் பாதியில் இருக்கும்போது மேஸ்திரி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த மாசத்தோட மூட்டை கட்டியாச்சு. திட்டத்துக்கு இதுக்கு மேல பணம் கிடையாதாம்."

ஆளாளுக்குப் புலம்பினார்கள். மறுபடியும் நடுத்தெருதானா என்ற கவலை எறும்புக்கும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று அவளைக் குடைந்தது. அக்காவின் தெருவுக்கு இன்னும் முறை வரவில்லை. இனி வரவும் வராது. அக்காவோ அடுக்களையில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, விறைத்த விரலால் ஊசியில் நூல் கோக்கிறாள். சுவரில் இருக்கும் பழைய கேஸ் ஹீட்டர் பகலெல்லாம் எரிந்தும், அந்தச் சூடு ஜன்னல் வழியாகத் தெருவுக்குத்தான் போகிறது.

"ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் அடைச்சேன் அண்ணே. எங்க அக்கா வீடு மட்டும் சல்லடையா கிடக்கு. நான்லாம் ஒரு தங்கச்சியா?"

மேஸ்திரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். "ஷெட்ல நாலஞ்சு டப்பா நுரை மிச்சம் கிடக்கும். நான் எதையும் பாக்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எறும்பு டப்பாக்களோடு போய் நின்றாள். ஃபேன்காரரைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. எதற்கு? சந்தைக் கண்டுபிடிக்க என் புறங்கை போதாதா? அந்த மனுஷன் வந்து 'பரவால்ல' என்று சொல்லிவிட்டுப் போகவா?

அன்றைக்கு மாதிரி அவள் எந்த வீட்டிலும் வேலை செய்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். மிஷினை நகர்த்தி அதன் பின்னால், அலமாரியை இழுத்து அதன் அடியில், கூரை மூலையில், மின்சார டப்பாவைச் சுற்றி என்று ஒரு இடம் விடவில்லை. அக்கா பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

"போதும்டி. கொஞ்சம் விட்டா என் மூக்கையும் அடைச்சிருவ போலிருக்கே."

"நீ பேசாம இருந்தா வாயை மட்டும் விட்டுடுறேன்."

இருவரும் சிரித்தார்கள். சாயங்காலம் அக்கா ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் கழற்றினாள். தங்கையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "என் கையைப் பாரேன், சூடா இருக்கு" என்றாள். எறும்பின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"கதவுக்கு அடியில மட்டும் விட்டு வெச்சிருக்கேன்க்கா. அதுக்கு பிரஷ் பட்டை போடணும், ஸ்டாக் இல்ல. கெடச்சதும் கொண்டாந்து அதையும் முடிச்சிடுறேன்."

"அதான் இவ்வளவு பண்ணியிருக்கியே, மகராசி."

அந்த வாரத்திலேயே அக்கா போன் பண்ணினாள். வீடு கதகதவென்று இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே பொறாமை என்றாள். பிறகு, "மிஷின்ல உக்காந்தா தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுடி. வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு" என்றாள்.

எறும்பு அப்போது ஒரு வீட்டுக் கூரைக்கு அடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் குளிர்லயே கிடந்த உடம்பு. சூடு பழகல. தண்ணி நெறைய குடி."

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெக்கட்டுமா?"

"அடிப்பாவி! நாள் பூரா குனிஞ்சு நிமிந்து அடைச்சிருக்கேன், ஜன்னலைத் திறக்கிறாளாம் ஜன்னலை! சூடு பூரா போயிடும். திறக்காதக்கா, சொல்லிட்டேன்."

"சரிடி, சரிடி. கத்தாத. இதெல்லாம் உனக்குத்தான தெரியும்" என்று அக்கா போனை வைத்தாள்.

உருப்படி வாங்க வந்த கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாராம். அக்கா மிஷின்மேல் தலையைச் சாய்த்து, ஒரு கையைத் துணிமேல் வைத்தபடி தூங்குகிற மாதிரி இருந்தாளாம். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனதும் அவர்கள் இடுப்பில் மாட்டியிருந்த கருவி அலறியது. உடனே எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்கள். அக்காவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஹீட்டர் எரியக் காற்று வேண்டும். அதன் புகை தகரக் குழாய் வழியாக வெளியே போகவும், போகிற அளவுக்கு உள்ளே வேறு காற்று வந்தாக வேண்டும். அந்த வீட்டில் அத்தனை வருஷமும் அந்தக் காற்று, எறும்பு திருடன் என்று பேர் வைத்த சந்துகள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அவள் அடைத்துவிட்டாள். புகை வெளியே போக வழியில்லாமல் அடுக்களைக்கே திரும்பியது. வாசனை இல்லை, கண் எரிச்சல் இல்லை, தலைவலி மட்டும்தான். ஃபேன்காரர் கடைசியில் சின்னக் கருவியோடு நின்று பார்ப்பது இதைத்தான். ஆம்புலன்ஸ்காரர் வாயிலிருந்து 'கார்பன் மோனாக்சைடு' என்ற வார்த்தை வந்ததுமே எறும்புக்குப் பயிற்சி வகுப்பு, கரும்பலகை, அதில் போட்டிருந்த ஹீட்டர் படம் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பாவிக்கு அன்றைக்குத்தானா ஞாபகம் வரவேண்டும்!

காரியமெல்லாம் முடிந்த கையோடு மேஸ்திரி போன் பண்ணினார். "திட்டத்தை நீட்டிட்டாங்கம்மா. நல்லா நடந்திருக்கு, நெறையப் பேருக்கு வேலை கெடச்சிருக்குன்னு மேல முடிவு பண்ணிட்டாங்களாம். இன்னும் ஆள் எடுக்கப் போறாங்க." பிறகு, "முதல்ல உங்க அக்கா தெருதான்" என்றார்.

எறும்பு போனை வைத்தாள். இந்தச் சேதி கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? யாரைப் போய்க் கேட்பது?

கேஸ் ஆபீஸில் அந்த வீட்டை அளந்து சொல்லச் சொன்னார்கள். ஃபேன்காரர் வந்தார். பெட்டியை இறக்கிவிட்டு அவளை நிமிர்ந்து பார்க்காமல், "நீ இங்க இருக்க வேணாம்மா" என்றார். அவள் அசையவில்லை. ஜன்னல்களை மறுபடி சாத்திக்கொண்டு, உடைந்த கதவை நகர்த்தப் போனவர், காலில் ஏதோ தட்டுப்பட்டுக் குனிந்தார்.

கதவின் அகலத்துக்கு நீளமாகத் தைத்த ஒரு துணி உருளை. உள்ளே வெட்டுத்துணியை அடைத்து இறுக்கமாகத் தைத்திருந்தது. கதவை உடைத்தபோது சுவரோரம் ஒதுங்கியிருக்கிறது. ஒரு பக்கம் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு எறும்பு பின்னியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பிரஷ் பட்டைக்குத் தங்கை இன்னொரு தடவை அலையக்கூடாது என்று அக்கா தானே தைத்து, கதவுக்கு அடியில் வைத்திருக்கிறாள். மிச்சம் இருந்த ஒரே சந்து அது. வந்து பார்த்ததும் தங்கை சிரிப்பாள் என்று எறும்பையும் பின்னியிருக்கிறாள். தலைவலியோடு உட்கார்ந்து பின்னியிருப்பாள்.

ஃபேன்காரரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சந்து இருந்திருந்தா ஒருவேளை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது உன் வேலை இல்லையே? உங்க அக்கா வெச்சதுன்னா சொல்லு, அப்படியே எழுதிடுறேன். உன் தலையில விழறது கொஞ்சம் குறையும்" என்றார். நல்ல மனுஷன். அவர் கண் கலங்கியிருந்தது.

"நான்தான் வெச்சேன்" என்றாள் எறும்பு.

"யோசிச்சுச் சொல்லும்மா. உன் வேலை போயிடும். போலீஸ் கேஸுகூட ஆகலாம்."

"நான்தான் அண்ணே தைச்சேன். நான்தான் வெச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. திரையைப் பொருத்தி ஃபேனை ஓடவிட்டார். மீட்டரைப் பார்த்தார், தட்டினார், ஃபேனை நிறுத்தி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு மீட்டரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"எவ்வளவு?"

"விடும்மா."

"சொல்லுங்க அண்ணே."

"நான் அளந்ததிலேயே இதான் கம்மி" என்றார் ஃபேன்காரர். "இவ்வளவு சுத்தமான வேலைய நான் பாத்ததே இல்ல."

அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த உருளையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஃபேனைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தார். தள்ளியதுமே திறந்துகொண்டது, ஒரு விரலுக்கான வேலைகூட இல்லை. குளிர்காற்று உள்ளே வந்து மிஷின்மேல் பாதி தைத்த துணியை அசைத்தது.

"திறக்கட்டுமான்னு கேட்டா அண்ணே. திறக்காதேன்னு சொன்னேன்" என்றாள். "சின்ன வயசுலேருந்து அவ சொன்னது எதையும் நான் கேட்டதில்ல. நான் சொன்னதை அவ கேட்டுட்டா."