நான்காவது பீரியடில் என் கதை

அம்மா கரும்பலகையில் ‘அகப்போராட்டம்’ என்று எழுதி, நடுவில் ஒரு கோடு கிழித்து, அந்தப் பக்கம் ‘புறப்போராட்டம்’ என்று எழுதினாள். பள்ளிக்கூடத்தில் அவள் எனக்கு மிஸ். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்திரண்டு பேருக்கும் மிஸ். அதில் நான் ஒருத்தி, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இருந்த கதையை இரண்டு நாளாக நடத்தியும் யார் மண்டையிலும் ஏறவில்லை. “புக்கை மூடுங்க. நானே ஒரு கதை சொல்றேன்” என்றாள்.

ஒரு பெண்ணாம். நன்றாகப் பாடுவாளாம். வெளியூர்ப் போட்டிக்குப் பெயர் வந்ததாம். அம்மா வேண்டாம் என்றாளாம். பெண் சம்மதப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாளாம்.

எனக்குக் காது சுட்டது. பாட்டை எடுத்துவிட்டு வாலிபாலை வைத்தால் அது நான்தான். போன வியாழக்கிழமை படிவம் என் பையில் அகப்பட்டபோது அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையோடு கெடு முடிந்தது. எனக்குப் பதில் ஏ பிரிவுப் பெண் ஒருத்தி போகிறாள். அவள் வீட்டிலும் முதலில் முடியாது என்றுதான் சொன்னார்கள். அங்கே நேரில் போய், “விளையாட்டும் படிப்புதாங்க” என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தது என் அம்மா. ஊருக்குத்தான் உபதேசம். நான்கு நாளாக வீட்டில் “சாப்பிடு”, “கதவைச் சாத்து” தவிர வேறு பேச்சில்லை. பேசாததையெல்லாம் சேர்த்துவைத்து இங்கே வந்து பாடம் நடத்துகிறாள்.

“கையெழுத்து அப்படியே வந்துச்சா மிஸ்?” என்றான் கடைசி பெஞ்சு நெட்டையன்.

வகுப்பே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“சரி, வெளியில நடக்கிற சண்டை யாருக்கும் யாருக்கும்?”

“அம்மாவுக்கும் பொண்ணுக்கும் மிஸ்!”

“அந்தப் பொண்ணு மனசுக்குள்ள?”

அம்மாவின் கண் பெஞ்சு பெஞ்சாக வந்து என்னிடம் நின்றது. “நீ சொல்லு.”

எழுந்தேன். பாவாடை மடிப்புக்குள் விரல்களை முடிச்சுப் போட்டுக்கொண்டேன். “மனசுக்குள்ள ஒண்ணும் இல்ல மிஸ். பேனாவை எடுத்தா, போட்டா.”

“அப்படி ஒருத்தியால இருக்க முடியுமா?”

“அவளைத்தான் கேக்கணும். நீங்க கேட்டீங்களா மிஸ்?”

பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் உட்காரவில்லை. நெட்டையன் மறுபடியும் ஆரம்பித்தான். “அந்த அம்மா எதுக்கு மிஸ் வேணாம்னாங்க?”

“அது கதையில வராது.”

“அதுவே வரலைன்னா அப்புறம் என்ன கதை மிஸ்?”

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் மனசுக்குள் என்ன ஓடியது என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லிவிட்டுப் பலகையை அழித்தாள். கோடு மட்டும் லேசாகத் தெரிந்தது.

வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். “எதுக்கும்மா என் கதையைச் சொன்ன?”

“உன் பேரைச் சொன்னேனா?”

“எனக்குத் தெரியுதுல்ல!”

செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “கிளாஸ்னா எனக்கு வாய் தானா வருது. உன்கிட்ட எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை.”

“அதுக்கு ஊரையே கூட்டணுமா?”

செருப்பைச் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவராவது திருப்பி இடிக்கும்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதினால் அவள் ஜெயித்தமாதிரி. எழுதாவிட்டால் மனசுக்குள் ஒன்றுமில்லாதவள் என்று நானே ஒப்புக்கொண்டமாதிரி. கோபத்தில் நோட்டைத் திறந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று நாள் அதைப் பையிலேயே வைத்திருந்தாள் என்று எழுதினேன். தினமும் காலையில் விளையாட்டு சார் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள், நீட்டவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை என்று எழுதினேன். அம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுதிருப்பேன் என்று எழுதியபிறகுதான் பார்த்தேன், ‘அவள்’ அங்கே ‘நான்’ ஆகியிருந்தது. அடிக்கலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன். அடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா சாப்பாட்டு மேசையில் நோட்டுக் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்தாள். நான் சமையலறையில் கழுவின தட்டையே கழுவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை; சரி, சுழி, கையெழுத்து. பழுப்பு அட்டை போட்ட என் நோட்டு வந்தது. படித்துக்கொண்டே வந்தாள். தப்பைக் கண்ட பழக்கத்தில் சிவப்புப் பேனா ‘நான்’ இருந்த இடத்துக்குப் போய் வட்டம் போடத் தொடங்கி, பாதியில் நின்றது. மின்விசிறிக் காற்றில் மற்ற நோட்டுகளெல்லாம் படபடவென்று திறந்துகொண்டன. இடது முழங்கையால் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வட்டத்தை முடிக்காமல், அம்மா அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.