தாய்மாமன் கட்டிய பாக்ஸ்

காது குத்துகிற நாளில் பிள்ளையின் காதைக் காப்பாற்ற ஒருத்தி மண்டபம் முழுக்க அலைந்தாள் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். சாரம் பகுதி மண்டபத்தில் அன்று எல்லோரும் சிரித்தார்கள். கார்குழலிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கியிருந்தது. கட்டியவன் அவள் தம்பி ராஜ்கமல். தாய்மாமன் சீர் என்றால் பட்டுப்பாவாடையும் தோடும் மாலையும் போதாதாம். உழவர்கரையில் அவன் கூட்டாளிகளுக்குள் பாக்ஸும் சீரில் சேர்ந்துவிட்டது. எந்த மாமன் வைத்த பாட்டு எத்தனை தெரு தாண்டிக் கேட்டது என்பதில்தான் மொத்தக் கௌரவமும். பாட்டு ஆரம்பித்ததும் சாப்பாட்டு மேசையில் இருந்த தண்ணீர் பாட்டில்கள் தாமாக நகர்ந்தன.

"டேய், கொஞ்சம் கொறைக்கச் சொல்லுடா. புள்ளைக்கு ஆவாது."

"என்னாக்கா நீ. பாதிகூட வைக்கல இன்னும். மாமன் சீரு டல்லா இருந்துச்சின்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது பாரு."

ஏன் ஆகாது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மகள் பாரதிக்கு இரண்டு வயது. இடது காது பிறவியிலேயே கேட்காது என்று போன மழைக்காலத்தில்தான் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். வலது காது நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், திருவிழா, கல்யாணம் என்று பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள், சத்தத்தில் போன காது திரும்பி வராது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். கார்குழலியின் புருஷன் இராமதாஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"யார்கிட்டயும் மூச்சு வுடாத. உன் தம்பிகிட்ட கூட. பொம்பளப் புள்ள. நாளைக்கு மாப்ள பாக்குறப்ப இது ஒரு பேச்சா வந்து நிக்கும்."

இரண்டு வயதுக் குழந்தைக்கு மாப்பிள்ளை. அந்த மகராசன் இப்போது எந்த வீட்டில் அரைஞாண் கயிறோடு ஓடிக்கொண்டிருக்கிறானோ, அவனுக்குப் பயந்து இவர்கள் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். அழுத களைப்பில் கார்குழலியும் சத்தியம் செய்து தொலைத்திருந்தாள்.

ஆனாலும் அவள் சும்மா இருந்துவிடவில்லை. பக்கத்து வீட்டு மர்த் அம்மா பிரான்சில் மகள் வீட்டுக்குப் போய் வந்தபோது, காதை மூடுகிற சிவப்பு காஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். "அங்கெல்லாம் கச்சேரிக்குப் போனா புள்ளைங்களுக்கு இத மாட்டாம உள்ள கூட்டிட்டுப் போவ மாட்டாங்கம்மா" என்றாள். காலையில் மண்டபத்துக்குள் நுழையும்போதே கார்குழலி அதைப் பாரதிக்கு மாட்டிவிட்டாள். குழந்தையும் சமர்த்தாக இருந்தது. பார்த்தவர்கள்தான் விடவில்லை.

"இந்த வயசுலயே ஹெட்போனா? என்னா பாட்டு ஓடுது அதுல?" என்று ஒரு சித்தி கேட்டாள்.

"ஒண்ணும் ஓடல. சத்தம் கேக்காம இருக்கத்தான்."

"சத்தம் வேணாம்னா எதுக்குடி ஃபங்ஷன் வைக்கிற?" என்று சொல்லிவிட்டுச் சித்தி பாயசத்துக்குப் போனாள்.

போகட்டும், யார் சிரித்தால் என்ன என்று கார்குழலி பல்லைக் கடித்துக்கொண்டாள். காது குத்தும் நேரம் வந்ததும், சத்தத்தில் பத்தருக்குக் கை நடுங்கும் என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பாட்டையும் நிறுத்தவைத்தாள். பாரதியைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, காஸ்க்கைக் கழற்றி, இரண்டு காதிலும் குத்தித் தோடு போட்டார் பத்தர். குழந்தை வீறிட்டது. கூட்டம் கைதட்டியது. சமாளித்துவிட்டோம் என்று கார்குழலி மூச்சுவிட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள், மாமன் ஆட்டம் என்று மைக்கில் அறிவித்தார்கள். ராஜ்கமல் மருமகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாக்ஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தான். கார்குழலி ஓடிப்போய் எட்டிக் காஸ்க்கை மாட்டினாள். அதன் மெத்தை நேராகப் புதுத் தோட்டில் அழுந்தியது. குழந்தை அலறிக்கொண்டு அதைப் பிடுங்கி எறிந்தது. காது மடலில் ஒரு சொட்டு ரத்தம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பந்தியிலிருந்து பத்தர் வரைக்கும் யோசித்தவள், குத்திய காதில் எதையும் மாட்ட முடியாது என்பதை யோசிக்கவில்லை. கையால் பொத்தக்கூட முடியாது. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"புள்ளையக் குடுடா, நான் வெளிய தூக்கிட்டுப் போறேன்."

"மாமன் தோள்ல ஏத்தின புள்ளைய எறக்கக் கூடாதுக்கா" என்றான் ராஜ்கமல். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அவள் இராமதாஸிடம் ஓடினாள்.

"நீயாவது போய்ச் சொல்லேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அஞ்சு நிமிஷம்தான? ஒண்ணும் ஆவாது. சும்மா இரு."

பாட்டு மறுபடி வெடித்தது. கார்குழலி சவுண்டு போடுகிற பையனிடம் போய் நிறுத்தச் சொன்னாள். அவன் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்து சிரித்தான். அவள் மேசை மேலிருந்த மைக்கை எடுத்தாள்.

"நிறுத்துங்க. எம் பொண்ணுக்கு ஒரு காதுதான் கேக்கும். இருக்கிறதையும் கெடுத்துடாதீங்க."

ராஜ்கமல் கட்டிய பாக்ஸ் அத்தனையும் அதை வாங்கிச் சாரம் முழுக்கச் சொன்னது. பையன் பாட்டை நிறுத்தினான். இராமதாஸ் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

அதற்குப் பிறகாவது நிம்மதி உண்டா? சித்தி வந்து குழந்தையின் காதோரம் விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். யாரோ சாவிக்கொத்தை ஆட்டினார்கள். "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று இன்னொருவர் கைதட்டினார். கார்குழலி அத்தனை கையையும் தட்டிவிட்டாள்.

ராஜ்கமல் பாரதியைத் தோளிலிருந்து இறக்கி அக்காவிடம் கொடுத்தான்.

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"உங்க மாமா சத்தியம் வாங்கிட்டாரு."

"அவரு கேட்டா நீ குடுத்துடுவியா? சொல்லியிருந்தா ஒரு பாக்ஸ் கட்டியிருப்பனா நானு? நானே கொண்டாந்து எங் கையால..."

அவன் திரும்பிப் போய், பாக்ஸிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். கார்குழலி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். காலையிலிருந்து அவள், ஒன்றும் தெரியாத இவன்மீதுதான் எரிந்துகொண்டிருந்தாள்.