சிந்திய பருப்பு

விடிவதற்குள் சங்ககிரி குடோனில் பருப்புத் தூசி பறக்க ஆரம்பித்துவிடும். லோடு ஆட்கள் மூட்டையைக் கொக்கியால் கொத்தி முதுகில் ஏற்றிக்கொண்டு ஓட, கன்டெய்னரின் தரை திம்திம்மென்று அதிரும். சல்லடைப் பக்கம் சின்னாயியும் செல்லாயியும் மற்றப் பெண்களும் முந்தானையை மூக்கோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு கல் பொறுக்குவார்கள். துபாய்க்காரன் சோற்றில் ஒரு கல்கூட கடிபடக் கூடாதாம்! இவர்கள் நெஞ்சுக்குள் எவ்வளவு தூசி போனாலும் கேட்க நாதியில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அட்டியாக அடுக்கிய மூட்டைகளைப் பிரித்தால் அடியில் சிந்திக் கிடக்கும் பருப்பு, கூட்டுகிற பெண்களுக்கு. முதலில் நுழைந்தவளுக்கு நல்ல பருப்பு, பிந்தியவளுக்கு மண்ணும் உமியும். கூலியை ஏற்றச் சொல்லி வாயைத் திறந்தால், "அதான் பருப்பு அள்ளிட்டுப் போறீங்கல்ல?" என்று முதலாளி அர்த்தநாரி வாயை அடைத்துவிடுவார்.

அன்று பிரிக்க வேண்டிய அட்டிக்குப் பூச்சி மாத்திரை வைத்துத் தார்ப்பாய் மூடியிருந்தது. விஷக்காற்று வெளியேற இன்னும் நாளிருந்தது. ஆனால் கப்பல் அவசரம். மேஸ்திரி ஜெகதீஸ்வரனின் போனிலிருந்து முதலாளியின் குரல் குடோன் முழுக்கக் கேட்டது. "பாயைப் பிரிச்சு லோடு ஏத்துடா!"

பாயின் ஓரத்தைத் தூக்கியதும் மாத்திரையின் பூண்டு நாற்றம் குப்பென்று அடித்தது. சின்னாயிக்குப் பழகிய நாற்றம். எப்போதும் கொஞ்சம் நாறத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள். பக்கத்திலிருந்த மருமகள் சுகன்யாவை முழங்கையால் இடித்தாள்.

"போ அம்முணி, மத்தவளுக வாரதுக்குள்ள மூலையக் கூட்டிப்போடு."

குனிந்து உள்ளே போனவள் வெளியே வரவில்லை. லோடுமேன் கண்ணுசாமிதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, காலைப் பற்றி இழுத்துப் போட்டான். அவள் வாயெல்லாம் நுரை. சின்னாயியின் மகன் வேல்முருகனும் அங்கே லோடுமேன்தான். பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்சில் ஏறினான். சின்னாயி ஏறக் காலெடுத்தபோது மேஸ்திரி மறித்தான்.

"இரு, மொதலாளி உன்னையப் பாக்கோணுமாம்."

கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. அர்த்தநாரி அவளைத் தனியே கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"போலீஸ் வரும் ஆயா. மாமியா மருமக சண்டை, கோவத்துல அவ பூச்சி மாத்திரையத் தின்னுட்டான்னு சொல்லு. ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நான் பாத்துக்கறேன்."

சரியென்று தலையாட்டினால் பிள்ளை பிழைப்பாள். இல்லையென்றால் யாரிடம் போய்க் கையேந்துவது? பாவி, நானே அனுப்பினேனே! தலை தானாகவே ஆடப் பார்த்தது.

அதற்குள் அர்த்தநாரி திரும்பிக் கத்தினார். "வேடிக்கை என்னடா? பாயைப் பூரா உருவிட்டு லோடு ஏத்துங்க! ஏம்மா, நீங்க உள்ள போய்க் கூட்டுங்க!"

துடைப்பத்தோடு உள்ளே போகக் கிளம்பிய செல்லாயியின் முகத்தைச் சின்னாயி பார்த்தாள்.

"போவாதடி!" என்று அலறினாள். "எம்மருமக ஒண்ணுந் திங்கல! நாந்தான் அனுப்பிச்சேன். பாயைப் பிரிக்கச் சொன்னது இவருதான்! கேட்டீங்கல்ல?"

வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கண்ணுசாமி கொக்கியைக் கீழே போட்டான்.

"கேட்டமுங்க. எங்க வேண்ணாலும் வந்து சொல்லுவேனுங்க."

"நானுந்தான்" என்றாள் செல்லாயி. சல்லடைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"வெளிய போனீங்கன்னா திரும்பி வராதீங்க!" என்று அர்த்தநாரி சீறினார்.

"வருவமுங்க" என்றாள் செல்லாயி. "பாயை எப்பப் பிரிக்கோணும்னு பேச வருவமுங்க."

சின்னாயியின் போன் அடித்தது. மகன்.

"இன்னும் கண்ணு முழிக்கலம்மா. போலீஸ் வந்திருக்குது. நீ மட்டும் எப்படிம்மா வருவே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பாதி ஏறிய கன்டெய்னரை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் தலைத்துணியை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"நா மட்டும் இல்ல சாமி" என்றாள். "எல்லாரும் வாரோம்."