மூன்று கொட்டகையிலும் முப்பத்திரண்டு

மோகனப்பிரியா தன் அப்பாவுக்காக ஒரு வெப் பேஜ் செய்திருந்தாள். பல்லடத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் கறிக்கோழிப் பண்ணை. கிழக்கு, மேற்கு, கிணற்றடி என்று மூன்று கொட்டகைகள். போனில் கொட்டகையின் பெயரைத் தொட்டால் அங்கிருக்கும் வெப்பநிலை தெரியும். அப்பா அதை நம்பி ஒரு நாளாவது பண்ணையை விட்டு வெளியே போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பீளமேட்டு ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட் அவள். சித்திரை மாதம், மதியம். அன்னூரில் கல்யாணத்துக்குப் போயிருந்த அவள் அப்பா நஞ்சுண்டன் சாப்பிட்ட கையோடு மகளைப் போனில் கூப்பிட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அருமையா இருக்குது கண்ணு. இந்த வெயில்லயும் மூணு கொட்டாயிலயும் முப்பத்திரண்டுதான். காத்தால இருந்து அசையவே இல்ல."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புரோகிராமைத் திறக்கச் சொன்னேன்.

வெப்பநிலைகள் ஆப்ஜெக்ட் என்கிற ஒரு பட்டியலில் கொட்டகைப் பெயர்களின் கீழ் இருந்தன. அப்பா தொடும் பெயர் ஷெட் என்ற வேரியபிளுக்குள் வரும். இவள் ஆப்ஜெக்டுக்குப் பின்னால் புள்ளி வைத்து ஷெட் என்று எழுதியிருந்தாள். புள்ளி வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் வேரியபிளுக்குள் எட்டிப் பார்க்காது. ஷெட் என்றே பெயர் உள்ள கொட்டகையைத் தேடும். அப்படி ஒன்று கிடையாது. அப்படி ஒரு மதிப்பே இல்லை என்பதற்கு 'அன்டிஃபைன்டு' என்று வரும். அப்பாவின் போனில் அந்த வார்த்தை வந்தால் அசிங்கம் என்று, எதுவும் கிடைக்காவிட்டால் முப்பத்திரண்டைக் காட்டச் சொல்லி வைத்திருந்தாள். காலையில் சோதித்தபோது எல்லாக் கொட்டகையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. சந்தேகம் வரவில்லை.

புள்ளியை அழித்து, ஷெட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டாள். கிழக்கு முப்பத்து நான்கு. கிணற்றடியும் அதேதான். மேற்கு நாற்பது.

அப்பா இன்னும் லைனில் இருந்தார்.

"அப்பா, நான் காட்டுனது பொய்யுங்க. மேக்கால கொட்டாய்க்கு உடனே ஆளை அனுப்புங்க."

அவர் போனை வைத்துவிட்டுப் பண்ணைக்குக் கூப்பிட்டார். பண்ணையில் வேலை செய்யும் மாசாணம் கிழக்குக் கோடியில் தீவன லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் மேற்குக் கொட்டகைக்குக் கரண்டில் ஒரு பேஸ் போயிருந்தது; ஃபேன்கள் நின்றிருந்தன. ஜெனரேட்டரைப் போட்டு, கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சினார். விற்பனைக்குப் பிடிக்கிற வயதுக் கோழிகள். சுவரோரம் ஒதுங்கியவை செத்துக் கிடந்தன. மற்றவை வாயைப் பிளந்துகொண்டு பிழைத்தன.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். அவள் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். செத்தவற்றைக் குழி தோண்டிப் புதைத்தாயிற்று என்றார். அந்த முப்பத்திரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சொன்னாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னே காட்டட்டும் கண்ணு. இங்கிலீஷுல வந்தாலும் பரவால்ல. நான் போய்ப் பாத்துக்கறேன்."

அந்த வரியை அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

"வைகாசில இன்னொரு கல்யாணம் வருது. போலாமில்ல?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போங்கப்பா."