துருவத்தில் இல்லாத மகள்

நிர்வாக அலுவலர் என்று அறைவாசலில் பலகை தொங்கினாலும், அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சுற்றறிக்கை. குழாய் ஒழுகினால் சுற்றறிக்கை விடுவார். பூனை நுழைந்தால் அதற்கும் விடுவார். பூனை படித்ததாகத் தகவல் இல்லை. மொட்டைமாடியில் இருந்த ஏசி இயந்திரம் மூச்சு வாங்கிப் படுத்துக்கொள்ள, கட்டடம் முழுவதும் அடுப்பாய்க் காய்ந்த அன்றும் ஒன்று வந்தது: ‘வெப்பநிலை குறித்துப் பணியாளர்கள் தாழ்வாரங்களில் கூடிப் பேசுவது தவிர்க்கப்பட வேண்டும்.’ எல்லோரும் அந்தத் தாளை மடித்து விசிறிக்கொண்டார்கள். அவர் விட்டவற்றில் மக்களுக்கு உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

மெக்கானிக் வந்தாயிற்று என்று காவலாளி சொன்னதும், மேற்பார்வை பார்க்க மாடியேறினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்தவர் வேலைக்கு இடைஞ்சலாக நிற்பதற்கு மேற்பார்வை என்று பெயர்.

பெரிய இரும்புப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு பெண் உள்ளே தலையை விட்டிருந்தாள்.

“ஏம்மா, மெக்கானிக் எங்க?”

“தலை உள்ள இருக்கு, கால் வெளிய இருக்கு. கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க.”

குரலைக் கேட்டதும் சுற்றறிக்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தலையை வெளியே எடுத்து, வெயிலுக்காக முகத்தில் கட்டியிருந்த துணியைக் கீழே இழுத்தாள். காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்த குளியலறைக் கதவைத் தட்டி, ‘எவ்வளவு நேரம்ப்பா’ என்று சத்தம் போட்ட அதே முகம். அவருடைய ஒரே மகள்.

“நீயா?”

“நான்தான். சாப்பிடாம ஓடி வந்துட்டீங்கன்னு அம்மா அங்க கத்திட்டு இருக்காங்க.”

சுற்றறிக்கை சட்டென்று படிக்கட்டுக் கதவைச் சாத்தினார். அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. மகள் தொழிற்பயிற்சி முடித்து ஏசி பட்டறையில் சேர்ந்தபோது, அலுவலகத்தில் யாரோ விசாரித்தார்கள். “குளிர்பதனத் துறையில இருக்கா” என்றார். “ஆராய்ச்சியா சார்?” என்றார்கள். இருமினார். பெரிய மனிதர்கள் இருமினால் அது அடக்கம் என்று கணக்கு. அடுத்த வருடம் ஒருவர், “பனிப்பிரதேசத்துலயா?” என்று கேட்டார். புன்னகைத்தார். அவர் வாயால் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. பிறர் சொன்ன பொய்களுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார், அவ்வளவுதான். வளர்ந்து வளர்ந்து, மகள் இப்போது தென்துருவத்தில் பனிப்பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். “பென்குயின் கடிக்குமா சார்?” என்று கணக்காளர் அம்மாள் ஒருமுறை கேட்டதற்கு, “வளர்ப்பைப் பொறுத்தது” என்று பதில் சொல்லியிருந்தார்.

இது எதுவும் மகளுக்குத் தெரியாது. அப்பா தன்னைப் பற்றி அலுவலகத்தில் வாய் திறப்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

“இது என் ஆபீஸ்மா.”

“தெரியாதா? மறந்துட்டு வந்த கண்ணாடியைக் கொண்டாந்து குடுத்தா, தெருமுனையிலயே நில்லு, நான் வர்றேன்னு சொல்லுவீங்களே, அந்த ஆபீஸ்தானே?”

“வேற யாரையாவது அனுப்பிடு. உங்க முதலாளிகிட்ட நானே பேசறேன்.”

“முதலாளிகிட்டதான் பேசிட்டு இருக்கீங்க. பட்டறையை விட்டு வந்துட்டேன்னு போன வாரமே சொன்னேன், நீங்க பேப்பரைக் கீழ இறக்கவே இல்ல. இது நான் சொந்தமா எடுத்த முதல் வேலைப்பா. ஒழுங்கா முடிச்சா இந்தக் கட்டடத்தோட வருஷப் பராமரிப்பு எனக்கு வரும். பாதியில இறங்கிப் போனா, முதல் வேலையிலயே ஓடிப் போனவள்னு பேரு. அப்புறம் எந்த மாடியில என்னை ஏத்துவாங்க?”

பதில் இல்லாத இடங்களில் அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார், நிபந்தனையைக் குறைத்தார்.

“சரி, அப்பான்னு மட்டும் கூப்பிடாத.”

“பின்ன எப்படிக் கூப்பிடறது? மாண்புமிகுவா?”

“அந்தத் துணியையாவது முகத்துல கட்டிக்கோம்மா.”

“வெயிலுக்குக் கட்டுவேன். உங்களுக்குக் கட்ட மாட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் அந்தத் துணியைக் கழற்றித் தண்ணீர் வாளியில் முக்கினாள். காரணம் இருந்தது. தகட்டோடு உரசி உரசி ஒரு செப்புக் குழாய் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் எண்ணெய்க் கசிவில் தூசி அப்பிக்கிடந்தது. சோப்பு நுரையைத் தடவினால் கொப்புளம் கொப்புளமாக ஊதியது. வருடா வருடம் வந்தவர்கள் அதைப் பார்க்காமல் மேலே மேலே கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் மிச்சமிருந்த கேஸை வெறும் சிலிண்டர் ஒன்றில் இழுத்துப் பத்திரப்படுத்தினாள். பிறகு, பக்கத்து வால்வு சூட்டில் கருகாமலிருக்க ஈரத்துணியைச் சுற்றி, தீச்சுடரைக் காட்டிக் குழாயின் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தாள். ஆக, அவள் முகம் திறந்தே இருந்தது.

சுற்றறிக்கை கதவுக்குக் காவல் நின்றார்.

“அப்பா, அந்த ஸ்பேனர்!”

“ஷ்ஷ்!”

“ஸ்பேனருக்குக் காது கேக்காதுப்பா, கையிலதான் எடுத்துக் குடுக்கணும்.”

குழாய்க்குள் நைட்ரஜனை அடைத்துச் சோப்பு நுரையை மறுபடி தடவினாள். கொப்புளம் இல்லை. வேக்கம் பம்பை ஓடவிட்டு உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தாள். பம்பை நிறுத்தி, அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்ன பாக்கற?”

“முள் நகருதான்னு.”

“நகர்ந்துச்சா?”

“நகர்ந்தா நான் அழணும். நகராம இருந்தாதான் வேலை சரி.”

ஒன்றும் நடக்காமலிருப்பதற்காக இத்தனை கவனமாகக் காத்திருக்கும் ஒரு தொழில் இருப்பது சுற்றறிக்கைக்கு வியப்பாக இருந்தது. அவருடைய அலுவலகத்திலும் ஒன்றும் நடப்பதில்லைதான். ஆனால் அங்கே யாரும் அதைக் கவனிப்பதில்லை.

முள் நகரவில்லை. புது சிலிண்டரை எடைக்கருவியின் மேல் தலைகீழாக நிறுத்தி, ஹோஸை மாட்டி, கேஸைத் திறந்துவிட்டாள். கருவியில் எண் மெல்ல இறங்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தள்ளப்பட்டது. நின்றது இயக்குநர். கண்ணாடிச் சுவர் வைத்த அவருடைய அறை, பதவிக்கு ஏற்றபடி மற்ற அறைகளைவிட அதிகமாகக் கொதித்தது. அவருக்குப் பின்னால், கையிலிருந்த சுற்றறிக்கைத் தாளால் விசிறியபடி கணக்காளர் அம்மாள்.

“எவ்வளவு நேரம்? நானே நேர்ல வந்து பாத்தாதான் இங்க எதுவும் நடக்கும்போல” என்றபடி வந்த இயக்குநர், சிலிண்டரைப் பார்த்ததும் மலர்ந்தார். ஒரு தவற்றைக் கண்டுபிடித்துவிட்ட மலர்ச்சி. “என்னம்மா இது? தலைகீழா நிக்குது! அடிப்படையே தெரியாம...” குனிந்து, அதை நேராக்க இரண்டு கைகளாலும் பிடித்தார். எண் எகிறிக் குதித்தது.

“கையை எடுங்க சார்.”

“என்ன?”

“கையை எடுங்க. இதை இப்படித்தான் நிறுத்தணும். எவ்வளவு உள்ள போகுதுன்னு எடை பாத்து ஏத்திட்டு இருக்கேன். நீங்க பிடிச்சா உங்க கௌரவமும் சேர்ந்து எடை காட்டுது.”

அவள் வால்வை மூடினாள். கணக்காளர் அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இயக்குநர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு மெக்கானிக் சொல்லி எடுத்ததாகிவிடும். எடுக்காவிட்டால் வெயிலில் ஒரு சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி எத்தனை நேரம் குனிந்திருப்பது? பதவி இப்படிப்பட்ட இடங்களில்தான் ஆளைக் கைவிட்டுவிடுகிறது.

“நிர்வாக அலுவலரே! இந்தப் பொண்ணை இப்பவே அனுப்பிட்டு வேற ஆளைக் கூப்பிடுங்க. என்ன வாய் இது! உங்க பொண்ணும்தான் குளிர் சம்பந்தமாப் படிச்சா. தென்துருவத்துல பனிப்பாறை மேல நின்னு ஆராய்ச்சி பண்றா. அவ இப்படிப் பேசுவாளா?”

மகள் மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

“தென்துருவமா? அங்க எனக்கு என்னப்பா வேலை?”

“அப்பாவா?” என்றார் இயக்குநர், குனிந்தபடியே.

“ஆமா சார். அந்தப் பனிப்பாறை மேல நிக்கிறவ நான்தான். அதான் இப்படி வேர்த்து ஊத்துது.” அவள் நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். “அவர் போகச் சொன்னாலும் போக மாட்டேன், நீங்க சொன்னாலும் போக மாட்டேன். ஓட்டையை அடைச்சது நான். கேஸ் பாதி உள்ள இருக்கு, பாதி வெளிய இருக்கு. முடிச்சு, ஓடவிட்டுட்டுதான் இறங்குவேன். அப்புறம் யாரை வேணா கூப்பிட்டுக்கோங்க.”

இயக்குநர் சுற்றறிக்கையின் பக்கம் முகத்தைத் திருப்பினார். “இது உங்க பொண்ணா? ஆமாவா, இல்லையா?”

சுற்றறிக்கைக்கு இருமல் வந்தது. இருமினார். மற்ற நாட்களில் யாராவது அந்த இருமலை எடுத்து மிச்ச வாக்கியத்தைக் கட்டிக்கொடுப்பார்கள். இன்று யாரும் முன்வரவில்லை. மகள் உதவிக்கு வரமாட்டாள் என்பது அவள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. ஸ்பேனரைப் பிடித்திருந்த அந்தக் கையில் பழைய தீக்காயம் ஒன்று இருந்தது. அது எப்போது பட்டது என்று அவர் கேட்டதில்லை.

“என் பொண்ணுதான் சார்” என்றார். சொன்ன பிறகும் மாடி இடிந்து விழாததால் கொஞ்சம் தைரியம் வந்தது. “துருவத்துல யாரும் இல்ல. இவ ஏசி மெக்கானிக். இப்ப... நீங்க கையை எடுங்க சார்.”

“என்ன சொன்னீங்க?”

“கையை எடுங்க. அவ வேலை பாக்கணும்.”

இயக்குநர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் பார்க்கக் கையை எடுத்தாக வேண்டும் அல்லவா? அப்படி எடுத்ததாகவே கடைசிவரை வைத்துக்கொண்டார்.

அவள் வால்வைத் திறந்தாள். எண் இறங்கியது. பெட்டியின் தகட்டில் பொறித்திருந்த அளவுக்குச் சரியாக உள்ளே போனதும் மூடி, சுவிட்சைப் போட்டாள். விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் தடித்த குழாயின் மேல் பொடிப்பொடியாகத் தண்ணீர் வேர்த்தது. கீழ்த்தளத்தில் யாரோ விசிலடித்தார்கள்.

“வருஷப் பராமரிப்பு பத்தி யோசிக்கணும்” என்றார் இயக்குநர், போகிற போக்கில்.

“யோசிங்க சார். குளுகுளுன்னு இருக்கும், யோசனை நல்லா வரும்.”

கணக்காளர் அம்மாள் மட்டும் சற்றுப் பின்தங்கி, “உன் நம்பரைக் குடும்மா, எங்க வீட்டு ஏசியும் ரெண்டு வருஷமா வெறும் காத்துதான் ஊதுது” என்று வாங்கிக்கொண்டு இறங்கினார்.

சுற்றறிக்கை தொண்டையைச் செருமினார். “அவர் கிடக்காரும்மா. பராமரிப்பு ஆர்டர் என் மேஜைக்குத்தான் வரும். நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாக்கவே கூடாது. மத்தவங்களோட நானும் வரிசையில நின்னு கேக்கறேன். கிடைச்சா என் வேலைக்குக் கிடைக்கட்டும். இல்லன்னா வேற கட்டடம்.”

“கோவமா?”

“பின்ன? துருவத்துக்கு அனுப்பி வச்சீங்களே, ஒரு கம்பளியாவது வாங்கிக் குடுத்தீங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. கருவிகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, வேலையாட்கள் ஏறி இறங்கும் பின்பக்க இரும்புப் படிக்கட்டை நோக்கி நடந்தாள். கருவிகளோடு வருபவர்கள் அந்தப் படியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் வேக்கம் பம்பைத் தூக்கிக்கொண்டு முன்பக்கப் படிக்கட்டுக் கதவைத் திறந்து பிடித்தார்.

“இந்தப் பக்கம் வா.”

“அங்க எல்லாரும் உக்காந்திருப்பாங்க.”

“உக்காந்திருக்கட்டும்.”

அவள் அவரை ஒரு நிமிடம் அளந்து பார்த்தாள். “பம்பைச் சாய்க்காதீங்க. எண்ணெய் கொட்டும்.”

அவர் ஏற்கெனவே சாய்த்திருந்தார். சட்டையின் முன்புறம் கறுப்பாய் ஒரு கோடு இறங்கியது. அதோடுதான் இருவரும் பெரிய கூடத்தின் நடுவே வந்தார்கள். மேஜைக்கு மேஜை தலைகள் நிமிர்ந்தன.

“சார், யாரு இது? உங்க பொண்ணா? எப்ப வந்தாங்க?” என்று ஒருவர் எழுந்தே கேட்டுவிட்டார்.

“எங்கயும் போகல” என்றார் அவர், நடையை நிறுத்தாமல். “இந்த ஊர்லயேதான் இருக்கா. என் வீட்டுலதான் இருக்கா.”