நெருப்பு அணைந்த ஒன்பதாம் நாள்

...காய்ச்சல் நூற்றிரண்டு, ஆனால் கிருமி இல்லையாம், கிருமி இல்லையென்றால் நல்லதுதானே, பிறகு எதற்கு இந்த டாக்டரம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தாள், தீக்காயப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள். உள்ளே மூன்றாவது கட்டிலில் அவள் புருஷன், சலவை ஆலையில் பாய்லர் பார்ப்பவன், பாய்லர் அறை பற்றிக்கொண்டபோது உடம்பில் கிட்டத்தட்டப் பாதி வெந்துபோனவன்... முதல் இரண்டு நாள் தீ படாத முகம்கூட வீங்கி, இவனா அவன் என்று கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைப் படித்துத்தான் நம்பினாள், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்றாள் நர்ஸ், அந்த வீக்கம் வடிந்தது, அப்பாடா என்றால் இப்போது நுரையீரல்.

"தீ அணைஞ்சு ஒன்பது நாளாச்சும்மா, ஆனா அவர் உடம்புக்கு அது தெரியல," என்றாள் டாக்டரம்மா. "கிருமியோட சண்டை போடுற சக்தி, காயத்தோட நிக்காம உடம்பு முழுக்கக் கிளம்பிடுச்சு. நல்லா இருக்கிற நுரையீரலையும் சேர்த்து அடிக்குது."

"அதை நிறுத்த மருந்து இல்லையா டாக்டர்?"

"மொத்தமா நிறுத்திட்டா, நாளைக்கு நிஜமாவே கிருமி வந்தா எதிர்க்க ஆள் இருக்காது. எப்படியும் கொஞ்ச நாள்ல அதுவே களைச்சுப் போக ஆரம்பிச்சிடும். அடங்குற வரைக்கும் மூச்சு மெஷின் வெச்சுத் தாங்கிப் பிடிக்கணும். இதுல கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். அழுகை வரவில்லை, ஒன்பது நாளாகவே வரவில்லை... கொழுந்தன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அண்ணிக்கு என்ன முன்யோசனை, ஆஸ்பத்திரிக்கு வரும்போதே பெட்டி நிறையத் துணியோடு வந்துவிட்டார்கள் என்று. செய்தி வந்தபோது அவள் அந்தப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள், அக்கா வீட்டுக்குப் போக, திரும்பி வருவதாக இல்லை, இது புருஷனுக்கும் தெரியாது. எதில் ஆரம்பித்தது அந்தச் சண்டை? அவன் ஏதோ சொன்னான், இவள் ஏதோ சொன்னாள், காரணம் எப்போதோ தீர்ந்துபோயிற்று, ஆறு மாதமாகப் பேச்சு மட்டும் திரும்பவில்லை... டாக்டரம்மா காகிதத்தோடு உள்ளே போய்விட்டாள், கதவு மெல்ல மூடிக்கொண்டது. அந்தக் காகிதத்தில் ஒரு கட்டம் இருந்தது, நோயாளிக்கு என்ன உறவு என்று, மனைவி என்று எழுதிவிட்டிருந்தாள், ஒரு நொடிகூட யோசிக்காமல்... பழக்கமா? பழக்கம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் அது அவ்வளவு உறுதியாகப் படவில்லை.