கொன்சிக் பார்த்தது

நான்கு நாளாக எல்லை வரிசையில் தன் லாரிக்குள் உட்கார்ந்திருந்த யாஞ்மாவின் கண்ணெதிரே ஒரே லாரியின் முதுகுதான். நீலப் பின்கதவு, இடது மூலையில் ஒரு பள்ளம், நடுவில் பெயின்ட்டில் வரைந்த குதிரை. வரைந்தவனுக்குக் கை வரவில்லை. குதிரை என்று சொன்னால்தான் குதிரை, சொல்லாவிட்டால் ஆடு.

"பின்னாடி ஆடு மாதிரி ஒரு குதிரை அக்கா, நீல லாரி." மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் தம்பி லுவ்சான் சொன்ன அடையாளம் இதுதான். அன்று அவன் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சமிருந்தது.

உப்புப் படுகையில் தன் லாரியின் அச்சு முறிந்து, பனிப்புயலில் தனியாக மாட்டிக்கொண்டவன் லுவ்சான். விடிந்து வெகுநேரம் கழித்து நிலக்கரி ஏற்றிய ஒரே ஒரு லாரி வந்தது. தொப்பியைக் கழற்றி ஆட்டினான். லாரி வேகம் குறைந்தது, ஓட்டுநர் அவன் முகத்தைப் பார்த்தான், லாரி போய்விட்டது. தொப்பியைக் காற்று பிடுங்கிக்கொண்டது. அடுத்த லாரி வருவதற்குள் விரல்கள் உறைந்து கறுத்துவிட்டன.

கோபிப் பாலைவனத்தில் வழியில் நிற்பவனைக் கண்டால் வண்டியை நிறுத்தவேண்டும். இதைக் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எல்லைக் கதவுக்கான வரிசையில் இடம் போய்விடுமே என்று நிறுத்தாமல் போனவன் கொன்சிக். ஓட்டுநர்கள் கூடிக் கேட்டபோது கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னான்: "புயல்ல என் மூக்கே எனக்குத் தெரியலை. நான் யாரையும் பார்க்கலை." அதோடு விட்டானா? "குடிச்சிட்டு வெளியில படுத்திருப்பான், பாவம்" என்று ஒரு பாவத்தையும் சேர்த்துவிட்டான். அன்றிலிருந்து நிலக்கரிப் பாதை முழுக்க லுவ்சான் குடித்து விரலைத் தொலைத்தவன். ஓட்ட முடியாதவன் பாதையோரம் தேநீர்க் கூடாரம் போட்டான். அங்கே உப்புத் தேநீர் குடிக்க வருகிறவர்கள் அவன் கையையும் பார்ப்பார்கள், அலமாரியில் இருக்கும் வோட்கா பாட்டிலையும் பார்ப்பார்கள்.

யாஞ்மா கொன்சிக்கின் விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்துப் போடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறாள். அதனால் தம்பியின் பெயர் திரும்பி வராது. அவளுக்கு வேண்டியது ஒரே சொல். "பார்த்தேன்" என்று அவன் வாயால், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லவேண்டும்.

புத்தாண்டான வெள்ளை மாதப் பண்டிகைக்கு இன்னும் மூன்று நாள். எல்லைக் கதவு மூடிக் கிடந்தது. லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. இந்தச் சுமையை இறக்கிவிட்டால் எல்லோருக்கும் வீடு. இடத்தை விட்டவனுக்கு வரிசையின் வால்தான், அதாவது இருபது கிலோமீட்டர் பின்னால், பண்டிகையும் அங்கேயே.

காலை எட்டு மணிக்குக் கதவோர உணவகத்துச் சமையல்காரியிடமிருந்து யாஞ்மாவின் போனுக்குச் சேதி வந்தது. மதியம் திறக்கிறார்களாம். போனைப் பையில் போடுவதற்குள் ஜன்னலில் தட்டும் சத்தம். கொன்சிக்.

மூன்று வருஷமாக அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனோ ஒன்றுமே நடக்காதது போல ஒவ்வொரு தடவையும் சிரிப்பான்.

"தங்கச்சி, இன்னிக்காவது திறப்பானுங்களா? ஏதாச்சும் சேதி உண்டா?"

யாஞ்மா கண்ணாடியை இறக்கினாள்.

"நாளைக்குத்தான்னு பேசிக்கறாங்க."

"அட! பேசிட்டியே. வாயில கொழுக்கட்டைன்னுல்ல நினைச்சேன்." அவனுக்கு வாயெல்லாம் பல். "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத தங்கச்சி. பண்டிகை வருது. நாளைக்குன்னா எஞ்சினை அணைச்சுட்டு நல்லா இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கறேன். டீசலாவது மிச்சமாகும்."

"தூங்குங்க அண்ணே."

அந்த 'அண்ணே' அவள் நாக்கைச் சுட்டது. பரவாயில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

சைபருக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி. இந்தக் குளிரில் எஞ்சினை அணைக்கிறவன் ஒன்று புதியவன், இல்லை கஞ்சன். கொன்சிக் புதியவன் அல்ல. மலிவு டீசல் எங்கே கிடைக்கும் என்று மோப்பம் பிடித்துப் போய் நிரப்புகிறவன் அவன். அந்த டீசல் குளிரில் சீக்கிரம் உறையும், அது யாஞ்மாவுக்கும் தெரியும். நீல லாரியின் புகை நின்றதைப் பார்த்துவிட்டு அவள் இறங்கிப் பின்லாரிக்கு நடந்தாள்.

அந்த லாரி நம்ஜிலுடையது. அறுபது வயது, நாக்குக்கு இருபது.

"மதியம் திறக்கறாங்க அண்ணே. பின்னாடி சொல்லி விடுங்க. ரேடியோவுல வேண்டாம், வாய் வழியா."

"முன்னாடி இருக்கறவனுக்குச் சொல்லியாச்சா?"

"அவர் தூங்கறார்."

நம்ஜில் நீல லாரியைப் பார்த்தார். புகையில்லாத குழாயையும் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கிண்டல் மெல்ல இறங்கியது.

"லுவ்சான் குடிச்சிருப்பான்னு சொன்ன வாயில என் வாயும் ஒண்ணு தங்கச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா நாலு நாளா எனக்குக் காய்ஞ்ச இறைச்சி கொடுத்தே?"

"உங்க பல்லு போகட்டும்னுதான்."

அவர் சிரித்துக்கொண்டே கோட்டை இறுக்கிக்கட்டிப் பின்னால் நடந்தார். திறக்கும் நேரத்தோடு லுவ்சானின் கதையையும் லாரி லாரியாகச் சொல்லிக்கொண்டு போனார்.

மதியம் பன்னிரண்டரைக்கு முன்னாலிருந்து ஹாரன் சத்தம் கிளம்பி வந்தது. வரிசை நகர்ந்தது. கொன்சிக்குக்கு முன்னால் நின்ற லாரி புகையைக் கக்கிவிட்டுப் போய்விட்டது. நீல லாரி கர் கர் என்று இருமியது, பிறகு அதுவும் இல்லை. டீசல் உள்ளே நெய்யாக உறைந்திருந்தது. கொன்சிக் இழுவைக் கயிற்றோடு குதித்து ஓடி வந்தான்.

"தங்கச்சி! கட்டி இழு! வரிசையோட போயிடலாம், போகப் போக உருக வெச்சுக்கறேன்!"

யாஞ்மா ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். அவன் இரண்டு கையையும் தூக்கிக் கயிற்றை ஆட்டினான். எட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில் அவன் முகம் கடந்து போனது. அவள் நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். லாரிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோவை எடுத்தாள்.

"நம்ஜில் அண்ணே, அங்க ரோட்டுல யாராச்சும் நிக்கறாங்களா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்கும் தெரியலை தங்கச்சி. வெயில்ல கண்ணு கூசுது."

மூன்றாவது லாரிக்காரர் சொன்னார்: "கயிறு ஒண்ணு காத்துல ஆடுது. ஆளைக் காணோம்." நான்காவது லாரியும் தாண்டியது. ஐந்து, ஆறு, பத்து. பின்னால் ஒரு குரல் மட்டும் தயங்கியது: "பாவம்ணே, குளிர்ல நிக்கறாரு."

"லுவ்சான் விரலை எண்ணிப் பார்த்துட்டுப் பேசு" என்றார் நம்ஜில்.

அவனைச் சாகவிடும் எண்ணம் யாஞ்மாவுக்கு இல்லை. செத்தவன் எதையும் சொல்லமாட்டான். நட்ட நடு வெயில், சுற்றிலும் நூறு லாரி, அவனுடைய கேபினில் ஒரு அடுப்பு. லுவ்சானுக்கு இதில் எதுவும் இல்லை.

ஒரு கிலோமீட்டர் தள்ளி வரிசை மறுபடி நின்றது. அதற்குள் கொன்சிக் ரேடியோவைப் பிடித்துவிட்டான். முதலில் திட்டினான்.

"பொய் சொன்னா அவ! நாளைக்குன்னு சொன்னா! எல்லாரும் கேட்டுக்கோங்க!"

"யாரோ பேசற மாதிரி இருக்கு" என்றார் நம்ஜில். "புயல் சத்தமா இருக்கும்."

பிறகு கெஞ்சினான். அம்மாவுக்கு எண்பது வயது, பண்டிகைக்கு வழி பார்த்துக்கொண்டிருப்பாள் என்றான். அறுபதாவது லாரி தாண்டியபோது அவன் குரல் கம்மியது.

யாஞ்மா ரேடியோவை வாயருகே வைத்துக்கொண்டாள்.

"அங்க ஒரு ஆள் நிக்கறது என் கண்ணுக்குத் தெரியணும்னா, உப்புப் படுகையில அன்னிக்கு அந்த ஆள் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லணும். சொன்னா நானே திரும்பி வந்து கட்டி இழுக்கறேன். என் இடம் போனாலும் போகட்டும்."

இன்னும் இரண்டு லாரி நீல லாரியைத் தாண்டின.

"பார்த்தேன்."

"யாரை?"

"லுவ்சானை. நின்னுக்கிட்டு இருந்தான். குடிக்கலை, நேரா நின்னான். தொப்பியைக் கழட்டி ஆட்டினான். உள்பக்கம் சிவப்புத் துணி. போதுமா? இடம் போயிடும்னு போயிட்டேன். போதுமா?"

அந்தச் சிவப்புத் துணி யாஞ்மாவின் பழைய அங்கியிலிருந்து கிழித்தது. அவளே வைத்துத் தைத்தாள். எதிரே நின்று பார்க்காதவனுக்கு அது தெரியாது.

அப்போது ரேடியோவில் ஒரு புதுக் குரல் வந்தது. தேநீர்க் கூடாரத்திலும் ஒரு ரேடியோ உண்டு. மூன்று வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவன் இன்று பேசினான்.

"அக்கா, லுவ்சான் பேசறேன். இங்க கரகரன்னு இருக்கு, சரியா கேக்கலை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

கொன்சிக் இன்னொரு தடவை சொன்னான். நேரா நின்றதையும் சொன்னான், சிவப்புத் துணியையும் சொன்னான். இந்தத் தடவை அழுதான். யாஞ்மாவுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வரிசையிலிருந்து விலகி லாரியைத் திருப்பினாள். அவள் விட்ட இடத்தில் நம்ஜிலின் லாரி ஏறியது. அவர் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார். அவளுக்கும் இந்த வருஷம் பண்டிகை வீட்டில் இல்லை. பரவாயில்லை, தம்பியோடு கூடாரத்தில் கொழுக்கட்டை சாப்பிட்டால் தொண்டையில் இறங்காதா என்ன?

கொன்சிக் மூக்கைத் துடைத்துக்கொண்டு கயிற்றை நீட்டினான். அவளே முடிச்சுப் போட்டாள்.

"சுத்தி முன்னாடி போயிடலாம்ல தங்கச்சி? நம்ம பழைய இடத்துல…"

"டீசல் உறைஞ்ச வண்டியைப் பட்டறைக்குத்தான் கொண்டுபோகணும் அண்ணே. ஏறி ஸ்டீயரிங்கைப் பிடிங்க."

பட்டறை ஆறு கிலோமீட்டர் பின்னால், லுவ்சானின் கூடாரத்துக்குப் பக்கத்தில். கொன்சிக்குக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. உறைத்தபோது கயிறு இறுகி நீல லாரி வளைந்து திரும்பி, வந்த வழியே நகர ஆரம்பித்திருந்தது.

நடக்கிற வேகத்துக்கு மேல் அவள் போகவில்லை. முந்நூறு லாரி வரிசையில் நின்றன. ரேடியோவில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். சற்றுமுன் ஒருவர் கண்ணுக்கும் தெரியாத கொன்சிக் இப்போது எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிந்தான். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள், படியில் ஏறி நின்று பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. அவன் குனியவும் முடியாது, ஸ்டீயரிங்கை விட்டால் லாரி இழுத்துக்கொண்டு போய்விடும்.

கூடாரத்து வாசலில் லுவ்சான் நின்றிருந்தான். அவள் தைத்துக் கொடுத்த புதுத் தொப்பியைக் கழற்றி, அந்த ஒற்றைக் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் பிடித்துத் தலைக்குமேலே ஆட்டினான். உள்பக்கம் சிவப்பாகத் தெரிந்தது.

யாஞ்மா அவனுக்கு நேரே பிரேக் போட்டாள். பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கயிற்றின் மறுமுனையில் லாரி நின்றதும் கொன்சிக் முகத்தை ஸ்டீயரிங்கில் புதைத்துக்கொண்டிருந்தான். லுவ்சான் தொப்பியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. கொன்சிக் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.